ஆறு மணி வண்டியும் நான் மாட்டிய ஹூக்கும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், பெங்களூர் கண்டோன்மென்ட் ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய ஆபீஸில் பத்துப் பேருக்கு நான் டீம் லீட். சாயங்காலம் அரைகுறை புரோகிராமைச் சர்வரில் சேர்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். காலையில் வந்தால் யாருக்கும் எதுவும் ஓடாது. கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அதனால் சர்வரிலேயே ஒரு குட்டிக் காவல் புரோகிராமை மாட்டினேன். ஹூக் என்பார்கள். யார் எதை அனுப்பினாலும் அது தானே எல்லா டெஸ்டையும் ஓட்டிப் பார்க்கும். தேறினால்தான் உள்ளே விடும். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம் பிடிக்கும், அதுவரை அடுத்தவர் வரிசையில் காத்திருக்க வேண்டும். பிடிக்கட்டுமே என்று இருந்தேன்.

மூன்றாம் நாள், கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் பெண் என் மேஜை அருகே வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, நான் வேலைய விட்டுடறேன். எல்லாரும் அஞ்சு மணிக்குத்தான் அனுப்பறாங்க. எனக்கு முன்னாடி மூணு பேரு. நேத்தும் ஆறு மணி வண்டி போயிடுச்சு."

"போனா அடுத்த வண்டி" என்று சுள்ளென்று விழுந்தேன்.

அப்புறம்தான் சொன்னாள். அம்மா இல்லை. அப்பா சுரங்கத்தில் இருந்தவர். கல்தூசி நெஞ்சில் இறங்கி, உட்கார்ந்தபடிதான் மூச்சு விடுவார். பகலில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டம்மா ராத்திரி எட்டு மணிக்கு டியூட்டிக்குப் போய்விடுவாள். முந்தின நாள் இவள் போய்ச் சேர்ந்தபோது அவர் தனியாகத் திணறிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, பாவி. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அங்கேயே ஹூக்கை மாற்றினேன். சர்வர் எதையும் உடனே வாங்கிக்கொள்ளும். டெஸ்டை அப்புறம் ஓட்டும். தேறாவிட்டால் மெயில் எனக்கு மட்டும் வரும். ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடு, நடந்தே போய்விடுவேன். இருந்து திருத்திவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?

அன்றிலிருந்து ஐந்தரைக்கு அவளைத் துரத்துவது என் வேலையாயிற்று. "ஏய், வண்டி உனக்காக நிக்குமா? கெளம்பு." மறுநாள் அவள் செய்த தப்பைக் காட்டினால் நாக்கைக் கடித்துக்கொள்வாள். "ஆனா அப்பா நல்லாத் தூங்கினாருக்கா" என்பாள். அதைக் கேட்டால் எனக்குத் திட்ட வராது.

ஒன்றரை வருஷம் அப்படி ஓடியது. பிறகு அவர் போய்விட்டார்.

காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, ஐந்தரை ஆனதும் பழக்கதோஷத்தில் "கெளம்பு" என்றேன். சொன்னபிறகுதான் உறைத்தது.

அவள் நகரவில்லை. "டெஸ்டு முடியட்டும்கா. எனக்கென்ன அவசரம்?"

நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அவள் அனுப்பியது எல்லா டெஸ்டிலும் தேறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆறு மணி வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் மணியைக்கூடப் பார்க்கவில்லை.