அக்காவின் பெயரில் நூற்றுக்கு நூறு

பள்ளிக்கூடத்தில் எங்களைக் குறிக்க ஒரு பெயர் உண்டு: ஆசிரியரல்லாத பணியாளர். நான் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். பதினாறு வருடமாக இதே வேலை. பி.எஸ்சி. முடித்திருக்கிறேன், பி.எட். முடிக்கவில்லை. புதிதாக வருகிற டீச்சர்களுக்கு அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பது நான்தான். இருந்தாலும் வருகைப் பதிவேட்டில் என் பெயர் வாட்ச்மேனுக்கு அடுத்த வரியில் இருக்கிறது.

அதனால், எங்களுக்கும் பயிற்சி உண்டு என்று பிரின்சிபால் சொன்ன அன்று நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஜெப அறையில் எங்கள் பதினோரு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். "குழந்தைங்க பக்கத்துல நிக்கிற எல்லார்கிட்டயும் இனிமே சான்றிதழ் இருக்கணும். ஆன்லைன்ல பன்னிரண்டு பாடம். மாசக் கடைசிக்குள்ள முடிக்காதவங்களை எல்.கே.ஜி., யு.கே.ஜி. பக்கமே விட முடியாது."

அந்தச் சந்தோஷம் முதல் பாடம் வரைக்கும்தான் இருந்தது. கண்ணாடிச் சுவர் வைத்த ஓர் அறையில் கோட் போட்ட பெண் ஒருத்தி நின்று பேசினாள். அவள் வாய் ஒன்று சொல்ல, தமிழ்க் குரல் வேறொன்று சொன்னது. 'கற்பவரின் முழுமையான நல்வாழ்வுச் சூழலமைவை ஒருங்கிணைத்தல்' என்று ஆரம்பித்தது. மூன்று முறை கேட்டும் எனக்கு அதில் பாதி புரியவில்லை. ஓடவிட்டு வேறு வேலை பார்க்கவும் முடியாது. நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை, 'நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று கேட்கும். ஆம் என்று அமுக்காவிட்டால் பாடம் முதலில் இருந்து ஓடும். டீச்சர்களுக்கு இதே மாதிரி பயிற்சி வந்தபோது ஒரு ஓட்டலில் ஏ.சி. ஹாலில் உட்கார வைத்து மதியம் பிரியாணி போட்டார்கள். எங்களுக்கு எங்கள் போன், எங்கள் டேட்டா, எங்கள் நேரம். வேலை நேரத்தில் போனைப் பார்த்தால் மெமோ. வீட்டுக்குப் போகிற சாயர்புரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நான் நல்வாழ்வைக் கற்றுக்கொண்டேன்.

என் பாட்டை விட்டுவிடலாம். அக்காவின் பாடு பெரும்பாடு.

அக்கா என்று நான் சொல்வது யு.கே.ஜி. ஆயாவை. என்னைவிட எட்டு வயது மூத்தவள். கடற்கரைத் தெருவில் வீடு, வீட்டுக்காரர் லாஞ்சில் மீன் பிடிக்கப் போகிறவர். இருபது வருடமாக அந்த வகுப்புப் பிள்ளைகள் அவள் கையில்தான் வளர்ந்தார்கள். காலையில் கேட்டில் நின்று அழுகிற பிள்ளைகளில் எது அம்மாவைத் தேடி அழுகிறது, எது வயிறு வலித்து அழுகிறது என்று அழுகையை வைத்தே சொல்லிவிடுவாள். நான் என் ஊரில் இருந்து வத்தக்குழம்பு கொண்டுபோவேன், அவள் மீன் குழம்பு கொண்டுவருவாள். ஆய்வகத்துக்குப் பின்னால் உள்ள படியில் உட்கார்ந்து தினமும் ஒன்றாகச் சாப்பிடுவோம்.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதைக்கூட ஒப்பேற்றியிருக்கலாம். ஓ.டி.பி.தான் எங்களைக் கவிழ்த்தது. அவர்கள் வீட்டில் இருக்கிற ஒரே போன் வீட்டுக்காரருடையது. லாஞ்சு விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் கரை திரும்பும். ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் அந்த எண்ணுக்கு ஓர் ஓ.டி.பி. போகும், பத்து நிமிடத்தில் காலாவதியாகும். ஒரு மதியம் படியில் உட்கார்ந்து முயற்சி செய்து பார்த்தோம்.

"இப்ப அந்த நம்பர வாளமீனு வாசிச்சிட்டு இருக்கும்" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தோம்.

பிறகு அலுவலகத்தில் சொல்லி, அக்காவின் பெயருக்கு எதிரே என் எண்ணைப் போட வைத்தேன். இங்கிருந்துதான் என் கெட்டிக்காரத்தனம் ஆரம்பித்தது. இனி அவளை எதற்கு இழுத்துவைத்துக் கஷ்டப்படுத்த வேண்டும், நானே முடித்துவிடலாமே என்று தோன்றியது. அவளும், "ஒனக்குப் புண்ணியமாப் போகும் ளா, பாத்துப் போட்டுரு" என்றாள். சோதனைக் குழாய்களைக் கழுவுகிற தொட்டி ஓரத்தில் போனைச் சாய்த்துவைத்து, சத்தத்தை அணைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து ஆம், ஆம் என்று அமுக்கினேன். தேர்வு ஒரு பொருட்டே இல்லை. நாலு விடைகளில் எது நீளமாக இருக்கிறதோ அதுதான் சரி. அக்காவுக்கு நூற்றுக்கு நூறு. என்னுடையதைப் பஸ்ஸில் எழுதியதால் எனக்கு எண்பத்தாறு.

பிரின்சிபால் அதைக் காலைக் கூட்டத்தில் மைக்கில் அறிவித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அக்கா கூச்சத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கோட்காரிக்கும் அவளுடைய சூழலமைவுக்கும் நல்ல பாடம் புகட்டிவிட்டதாகவே நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில், கீழே சத்தம் கேட்டு ஓடினேன். யு.கே.ஜி. வாசலில் ஒரு பெண் குழந்தைக்கு வலிப்பு. டீச்சர் சுவரோடு ஒட்டி நின்று அழுதுகொண்டிருந்தார். அக்கா மட்டும்தான் பிள்ளையின் பக்கத்தில் இருந்தாள். இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பிள்ளையின் கைக்குள் திணித்து, அந்தக் கையைத் தன் கையால் இறுக்கிப் பொத்தியிருந்தாள். முழங்காலால் கால்களை அமுக்கிக்கொண்டு, டம்ளரில் இருந்து தண்ணீரை வாயில் புகட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் வலிப்பு வந்தால் யாரும் செய்வது அதுதான். இரும்பைக் கொடுத்தால் அடங்கிவிடும் என்பார்கள். பஸ் ஸ்டாண்டில் யாராவது விழுந்தால் பத்துப் பேர் சாவியை நீட்டுவார்கள்.

"அக்கா, தண்ணி வேண்டாம், விடுங்க" என்று டம்ளரைப் பிடுங்கிப் பிள்ளையை ஒருச்சாய்த்துப் படுக்க வைத்தேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒன்பதாவது பாடத்தில் இருந்தது. அமுக்கிப் பிடிக்காதே, வாயில் எதையும் வைக்காதே, ஒருக்களித்துப் படுக்க வை. கேள்விக்கு விடையாக அமுக்கியவள் நான். என் விரலுக்குத் தெரிந்தது அக்காவின் கைக்குத் தெரியவில்லை.

பிள்ளை இருமிக்கொண்டே தெளிந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்றும் இல்லை என்று சொல்லி மாலையில் அனுப்பிவிட்டார்கள். ஆனால் தண்ணீர் நுரையீரலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் அந்தத் தாயிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் அந்த அம்மா வந்தார். கத்தவில்லை, திட்டவில்லை. "அந்த ஆயா இனி எம் பிள்ளையத் தொடக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிரின்சிபால் அக்காவைக் கூப்பிட்டார். நேரில் பார்த்தவள் என்று என்னையும் கூப்பிட்டார். மேஜையில் அக்காவின் கோப்பு திறந்திருந்தது. மேலே அந்தச் சான்றிதழ்.

"தெரியாமச் செஞ்சிருந்தா வேற விஷயம். முதலுதவியில நூறு வாங்கியிருக்கீங்க. படிச்சுட்டு இப்படிப் பண்ணினா அது அலட்சியம் இல்லாம வேற என்ன?"

அக்கா ஒரே ஒரு தரம் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "தப்புதான் மேடம்" என்றாள். என் பேச்சையே எடுக்கவில்லை. அன்றே அவளை யு.கே.ஜி.யில் இருந்து எடுத்து மூன்றாவது மாடிக் கழிப்பறைகளுக்குப் போட்டார்கள்.

நான் மதியம் வரைக்கும் தாங்கினேன். பிறகு போய்ச் சொல்லிவிட்டேன். "அந்தத் தேர்வ எழுதுனது நான்தான் மேடம். அக்கா ஒரு பாடத்தக்கூடப் பாக்கல."

"கதவைச் சாத்துங்க" என்றார் பிரின்சிபால். சாத்தினேன். "இதை நான் காதுல வாங்கிட்டா பதினோரு சான்றிதழும் சந்தேகத்துக்கு வந்துரும். அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன். நீங்க எங்கிட்ட எதுவும் சொல்லல." கொஞ்சம் யோசித்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "அவங்களுக்குப் புதுசா ஒரு லாகின் தரச் சொல்றேன். மறுபடி முடிச்சுக் காட்டினா, அந்த அம்மாகிட்டப் பேசி, பழைய இடத்துல விடுறதுக்கு வழி பண்ணலாம். நீங்களே சீக்கிரம் முடிச்சுக் குடுத்துருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவை அறைந்து சாத்தியிருக்க வேண்டும். மெதுவாகத்தான் சாத்தினேன். எதற்காக ஒருத்தி தண்டனை அனுபவிக்கிறாளோ அதையே திரும்பவும் செய்து அவளைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். அந்தப் பாடம் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மேலே இருந்து கீழே வரை ஒருவருக்கும் எண்ணமே இல்லை. கோப்பில் ஒரு தாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை ஆத்திரமாக நினைத்துக்கொண்டே மாடிப்படி ஏறியபோது, அந்த 'ஒருவருக்கும்' என்பதில் நானும் சேர்த்தி என்று உறைத்தது.

அக்கா பிறகு அந்தத் தேர்வைத் தானே எழுதினாள், நான் கேள்வியை வாசிக்க அவள் யோசித்து யோசித்து. மூன்று வாரம் ஆனது. யு.கே.ஜி.க்கும் திரும்பப் போய்விட்டாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு மறக்காமல் இருப்பது அது இல்லை.

அன்று மாடியில் அவள் துடைப்பத்தோடு நின்றாள். நானே முடித்துத் தருகிறேன் என்று வாய் திறக்குமுன், "வேண்டாம் ளா. இந்தத் தடவ நான் பாக்கேன். நீ வாசிச்சு மட்டும் சொல்லு" என்றாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் படியில் உட்கார்ந்து, வலிப்பு பற்றிய பாடத்தைத்தான் முதலில் காட்டச் சொன்னாள். புது லாகினில் அது நடுவில் பூட்டிக் கிடந்தது. பழையதில் எல்லாம் திறந்திருந்ததால் அதில் போட்டேன்.

கோட்காரி அதில் இல்லை. ஒரு பெண், ஒரு பொம்மை, தரையில் ஒரு பாய். பஸ் இரைச்சலில் பார்த்திருந்த நானும் அதை அன்றுதான் சத்தத்தோடு பார்த்தேன். பேச்சுகூட எளிதாக இருந்தது. அக்கா சாப்பாட்டைத் தொடாமல், கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும், "அப்ப சாவி?" என்று கேட்டாள்.

"அதால ஒண்ணும் ஆகாதுக்கா. தானா அடங்கிரும்."

திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். பொம்மையைத் திருப்புகிற இடத்தில் அவள் கையும் மடியில் லேசாகத் திரும்பியது. முடிந்த பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஒன்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூட நான் ஏதாவது சமாளித்திருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தெனமும் இங்கனதான ஒக்காந்து திங்கோம். இது மூணு நிமிசம்தான ளா இருக்கு. எங்கிட்டச் சொல்லணும்னு ஒனக்கு ஒரு நாளும் தோணலியா?"