விளக்கெண்ணெய் பிரேக்

என் வீட்டுக்காரர் என்னை முதன்முதலாக ரப்பர் குழாயால் அடித்தது, ஜீப்பின் பிரேக்கில் காற்று எடுத்த மறுநாள், ஒரு திங்கட்கிழமை. அதற்கு முன்பும் அடித்திருக்கிறார், ஆனால் வெறுங்கையால். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லைனில் கை ஓங்குவது எல்லா வீட்டிலும் நடந்ததுதான், அதை யாரும் அடி என்றே சொல்லமாட்டார்கள். குழாய் வேறு. அது தோலை உரித்துக்கொண்டு வரும். பிரேக் ஆயிலில் ஊறிய குழாய் என்றால் காயத்தில் எரிச்சலும் சேரும். இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. அழுகை வரவில்லை, ஆத்திரம் வருகிறது.

நாங்கள் சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அங்கே தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து லாரி ஓட்டினார், நான் கொழுந்து பறித்தேன். கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரியில் அரவேணுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் வந்து விழுந்தோம். என் தங்கையும் எங்களோடுதான் இருந்தாள். கட்டபெட்டில் இருந்த ஒரு தோட்ட முதலாளி தன் பழைய ஜீப்பை இவரிடம் ஒப்படைத்தார். தினமும் காலையில் எங்கள் லைன் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்கி, கீழே குஞ்சப்பனைப் பக்கம் இருந்த அவருடைய தோட்டத்தில் விட வேண்டும். சாயங்காலம் மேலே கொண்டுவர வேண்டும். ஜீப் எங்கள் வாசலிலேயே நிற்கும். ஊருக்குப் புதிதாக வந்த எங்களுக்கு அது பெரிய கௌரவம். என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

சில மாதத்தில் பிரேக் தகராறு பண்ண ஆரம்பித்தது. காலையில் வாசலில் மிதித்தால் கல்லாட்டம் நிற்கும். மலையிறக்கத்தில் பாதி தூரம் போனதும் பஞ்சை மிதிக்கிற மாதிரி பெடல் அமுங்கும். மறுபடி மறுபடி மிதித்தால்தான் பிடிக்கும். சாயங்காலம் மேலே வந்து சேர்ந்தால் பழையபடி கெட்டியாக இருக்கும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். அவர் முடிவு கட்டினால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டியில் உட்கார்ந்து பெடலைப் பலமுறை மிதித்து, கடைசி மிதியில் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகை ஸ்பேனரால் தளர்த்துவார். அதில் மாட்டிய ரப்பர் குழாய் வழியாக ஆயில் ஒரு பாட்டிலுக்குள் பீச்சும். உள்ளே காற்று இருந்தால் குமிழி குமிழியாக வரும். திருகை இறுக்கிய பிறகுதான் மிதித்தவர் காலை எடுக்கலாம். முந்திக்கொண்டு எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும், செய்த வேலை பாழ். அடியில் படுப்பவர் அவர். மிதிப்பவள் நான்.

"மிதி. மிதி. இப்ப புடி. எடுக்காத. எடுத்தீன்னா காலை ஒடிச்சிருவேன்" என்று கீழேயிருந்து குரல் வரும்.

நான் எடுக்கவில்லை. தொடை நடுங்க நடுங்கப் பிடித்துக்கொண்டிருப்பேன். பாட்டிலில் குமிழியும் வராது. ஆனால் திங்கட்கிழமை இறக்கத்தில் பெடல் மறுபடி அமுங்கும். அப்படியானால் யாருடைய தப்பு? அவர் சிலோனில் லாரி ஓட்டியவர், அவர் கையில் தப்பு வராது. மிதித்த கால்தான் தப்பு. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழைவார். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். நான் கத்துவது லைன் முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டில் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள்.

ஒருநாள் ஒரு கொண்டை ஊசி வளைவில் பெடல் அடிவரை போய்விட்டது. பள்ளத்தில் பாயாமல் வண்டியை மலைப்பக்கத்து மண்மேட்டில் மோதவிட்டு நிறுத்தியிருக்கிறார். அந்தச் சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. பின்னால் ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கையின் நெற்றி கம்பியில் மோதிப் பிளந்தது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, முகமெல்லாம் வீங்கி வந்தாள். அவளைப் பாயில் படுக்கவைத்துவிட்டு நான் நிமிர்வதற்குள் முதுகில் குழாய் இறங்கியது.

"அத்தனை பொம்பளைகளையும் கொல்லப் பாத்தியேடி. காலைப் புடின்னா புடிக்க மாட்டியா?"

"நான் எடுக்கலைங்க."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

குழாய் பிய்ந்துபோகும் வரை அடித்தார். தங்கை எழுந்து வந்து குறுக்கே விழுந்தாள். அவளுக்கும் ஒன்று விழுந்தது, தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே.

அடுத்த ஞாயிறு புதுக் குழாயோடு மறுபடி காற்று எடுத்தோம். வேலை முடிந்ததும், வடித்த ஆயில் இருந்த பாட்டிலைக் கழுவி வைக்கச் சொல்லி என்னிடம் தந்தார். குளிரில் அது கெட்டியாகப் பாட்டிலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆயில் என்று சொன்னேனே, அது கடையில் வாங்கியதில்லை. நாங்கள் கிளம்பும் சமயத்தில் சிலோனில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் கிடைக்காது. தோட்டத்துக் கராஜில் விளக்கெண்ணெயையும் ஸ்பிரிட்டையும் பாதிக்குப் பாதி கலந்து பிரேக்கில் ஊற்றினார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்துக்கும் ஃபாக்டரிக்கும் நடுவே ஊர்ந்துபோன லாரிக்கு அது போதுமாக இருந்தது. இங்கே கோத்தகிரிக் கடைகளில் நல்ல ஆயில் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தும் இவர் அதையே கலந்தார். கடை ஆயில் ஏமாற்று, சிலோனில் தொரையின் காருக்கே இதைத்தான் ஊற்றினோம் என்பார்.

கழுவச் சுலபமாக இருக்கட்டும் என்று, குளிக்க அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த வெந்நீருக்குள் பாட்டிலை நிறுத்தினேன். வெந்நீர் இன்னும் கொதிக்கவில்லை, ஆவிதான் பறந்தது. பாட்டிலுக்குள் மட்டும் பொலபொலவென்று குமிழி கிளம்பியது. ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது. வெளியே எடுத்து வைத்தேன், அடங்கியது. மறுபடி வைத்தேன், மறுபடி பொங்கியது. இறக்கத்தில் மிதித்து மிதித்துப் பிரேக் சூடேறும், உள்ளே ஸ்பிரிட் கொதிக்கும், பெடல் அமுங்கும். மேலே வருவதற்குள் ஆறிவிடும். அவ்வளவுதான் விஷயம். இதற்காகவா என் முதுகு இந்தப் பாடு பட்டது என்று நினைத்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பொறுமையாகத்தான் சொன்னேன்.

"காத்து இல்லைங்க. நீங்க கலக்குறதுதான் சூட்டுல கொதிக்குது. கடை ஆயில் வாங்கி ஊத்துங்க."

பாட்டிலை உற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, அதை நான் அவர் முகத்தில் பார்த்தேன். புரிந்ததும் என்ன செய்தார்? வெந்நீர்ப் பானையை எட்டி உதைத்தார். அது என் வலது காலில் கொட்டியது.

"நீ எனக்கு பிரேக் சொல்லித் தரியா? நாளைக்கும் இதை ஊத்திக்கிட்டுதான் போவேன். என்னா ஆவுதுன்னு பாத்துருவோம்."

தங்கை என் காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். "நாளைக்கு அந்த வண்டியில ஏறாத" என்றேன். "நெத்தி அடிபட்டதுக்கே லீவு போட்டாச்சுக்கா. இன்னமும் நின்னா பேரை வெட்டிருவாங்க" என்றாள். நொண்டிக்கொண்டு போய் மற்றப் பெண்களிடமும் சொன்னேன். "ஒன் புருசன்கிட்ட சொல்லு" என்றார்கள். அடிபடுவதற்கு என்னைத்தான் திருப்பி அனுப்பினார்கள்.

விடிகிற நேரத்தில் எழுந்தேன். காற்று எடுக்கத்தான் இரண்டு பேர் வேண்டும். வடிப்பதற்கு ஒருத்தி போதும். பனி ஈரத்தில் படுத்து, நாலு சக்கரத்துத் திருகையும் தளர்த்தினேன். அத்தனை ஞாயிறு அந்த வண்டியோடு மாரடித்ததில் எது எங்கே என்று எனக்கும் மனப்பாடம். பிறகு சீட்டில் ஏறி, கொப்புளம் போட்ட காலாலேயே மிதித்தேன். கொப்புளம் உடைந்து பெடல் வழுக்கியது. நிறுத்தவில்லை. பிடிப்பே இல்லாமல் பெடல் லொடலொடக்கும் வரை மிதித்தேன். புல்லெல்லாம் விளக்கெண்ணெய், லைன் முழுக்க ஸ்பிரிட் வாடை.

பெண்கள் சோற்றுத் தூக்கோடு வந்து நின்ற பிறகுதான் அவர் வெளியே வந்தார். ஏறி ஒரு மிதி மிதித்தார். குனிந்து புல்லைப் பார்த்தார். குதித்து வந்து என் தலைமுடியைப் பிடித்து முகத்தை வண்டியின் மட்கார்டில் மோதினார். முன்பல் ஒன்று உடைந்து ரத்தத்தோடு வாய்க்குள் உருண்டது. மறுபடி மோதினார். லைனே பார்த்துக்கொண்டு நின்றது. என் கை ஜீப்புக்குள் துழாவியது, சக்கரம் கழற்றுகிற ஸ்பேனர் அகப்பட்டது. திரும்பி, கீழாக வீசினேன். அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே பட்டது. காய்ந்த விறகை முறிக்கிற சத்தம் கேட்டது. அவர் விழுந்தார். விழுந்தவரை அதே இடத்தில் இன்னொரு முறையும் அடித்தேன். அந்த இரண்டாவது அடி தேவையில்லைதான். எனக்கு வேண்டியிருந்தது, அடித்தேன்.

"அடிப்பாவி, ஆம்பள காலை ஒடிச்சிட்டியே. இன்னைக்கு எங்க வேலையும் போச்சு" என்றாள் ரேடியோவைக் கூட்டி வைக்கிற பக்கத்து வீட்டுக்காரி. என் வாயிலிருந்து ஒழுகிய ரத்தத்தைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. தங்கை மட்டும் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவள் அன்றைக்கு மலையிறங்கவில்லை, உயிரோடு என் பக்கத்தில் நின்றாள். எனக்கு அது போதும்.

அவருக்கு எலும்பு கூடப் பல மாதம் ஆயிற்று. முதலாளி உள்ளூர் டிரைவர் ஒருவரை வைத்தார். அவர் வந்ததும் குழாய்களையெல்லாம் கழுவி, உள்ளே ஊறிப்போயிருந்த ரப்பர்களை மாற்றி, கடை ஆயில் ஊற்றினார். மிதிக்க ஆள் வேண்டும் என்றார். நான்தான் ஏறி மிதித்தேன். மறுநாள் இறக்கம் போய்த் திரும்பி வந்தவரை, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் கூப்பிட்டு பிரேக் எப்படி என்று விசாரித்தார்.

"மலையடி வரைக்கும் ஒரே மாதிரி நிக்குதுங்ணா. ஒரு கொறையும் இல்லீங்க."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "ஆமா, இப்பதான் ஒழுங்கா மிதிச்சிருக்கா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடைந்த பல் சந்தில் காற்றுப் போக, வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் என்றாவது திருந்துவார் என்று அதுவரை எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அது அந்த நிமிடத்தில் செத்தது. கூடவே பயமும் போய்விட்டது.

அந்த ஸ்பேனரை நான் ஜீப்பில் திருப்பி வைக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். டயர் பஞ்சரானால் டிரைவர் வாசலில் வந்து நிற்பார். "ஏனுங்க்கா, அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் குடுங்க, கழட்டிட்டுத் தந்தர்றனுங்க" என்பார். எடுத்துக் கொடுப்பேன், வேலை முடிந்ததும் மறக்காமல் கொண்டுவந்து தருவார். கால் கூடி மறுபடி அந்த ஜீப்பையே ஓட்ட ஆரம்பித்த பிறகு, என் வீட்டுக்காரர் மட்டும் ஸ்பேனர் இரவல் கேட்டு அடுத்த தோட்டம் வரைக்கும் நொண்டிக்கொண்டு போவார்.