பாவாவுக்குக் கேட்ட ஏரி

திருத்தணி மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்த என் பாவாவுக்கு, அதாவது அக்கா கணவருக்கு, சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. நடக்க முடியாதவர்களும் பார்வையற்றவர்களும் சிரமமில்லாமல் ஏறிப் போக ஓர் ஏரியில் படகு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரை அழைத்துப் போனேன்.

சாய்வுப் பலகையில் கம்பியைப் பிடித்தபடி பாவா தானாகவே ஏறினார். நாரைகள் கூடு கட்டியிருந்த திட்டை நெருங்கியதும் படகுக்காரர் இன்ஜினை அணைத்து, "யாரும் சத்தம் போடாதீங்க" என்றார்.

பாவாவின் முகம் மலர்ந்தது. "குஞ்சுங்க கத்திகினு இருக்குது, கேக்குதாடா?" என்று என் காதோரம் குனிந்து கிசுகிசுத்தார்.

எனக்குக் கேட்கவில்லை. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டியே மந்தமான காது. தறிக்கு நடுவே கத்தினால்தான் பேச்சு. அதே பழக்கத்தில், "எங்க பாவா? ஒண்ணும் கேக்கலியே!" என்றேன்.

நாரைகள் அத்தனையும் குபீரென்று எழுந்து பறந்தன. குஞ்சுகள் அடங்கிவிட்டதைப் பாவாவின் முகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் தடவி என் கையைப் பிடித்தார். "போவட்டும் வுடு. றெக்க சத்தமாவது உனக்குக் கேட்டுச்சா?"

"ஆங், பாவா" என்றேன், எனக்கே கேட்காத அளவுக்கு மெல்ல. அந்தக் குரல் ஒரு நிமிடம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?