வேலூர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம்

பலாப்பழ வாசனை என்றால் உங்களுக்கெல்லாம் நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு இன்றைக்கும் ஒரு ஜீப் பயணம்தான் ஞாபகத்துக்கு வரும்...

எண்பதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். விடிந்தும் விடியாததுமாக, மலைமேல் இருக்கிற புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூர் இறங்கும் ஜீப். பின்னால் முழுக்கப் பலாப்பழம். அதற்கு நடுவே இடுக்கிக்கொண்டு நாங்கள் மூன்று பேர். நான், என்னிடம் ப்ளஸ் டூ முடித்த பொன்னி, அவள் அப்பா ஆண்டி.

பொன்னி மடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், இரண்டு இன்டர்வியூ கார்டு. இரண்டு காலேஜ், ஒரே நாள்! வேலூரில் பன்னிரண்டு மணிக்கு. மெட்ராஸில் மூன்று மணிக்கு.

நான் கலசப்பாக்கத்துக்காரி. மலைமேல் உறைவிடப் பள்ளியில் கணக்கு டீச்சர், முதல் வேலை. வயசு இருபத்தஞ்சு, வாய்க்கு மட்டும் ஐம்பது. பிள்ளைகளுக்குக் காலேஜ் பார்த்துக் கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று ஒரு நினைப்பு. தபாலில் ப்ராஸ்பெக்டஸ் வரவழைப்பேன். லேப் எத்தனை, லைப்ரரி எவ்வளவு பெரிசு என்று நோட்டில் கட்டம் போட்டு எழுதுவேன். அதில் எப்போதும் முதலிடம் அந்த மெட்ராஸ் காலேஜுக்குத்தான்.

முந்தின வருஷம் அங்கேதான் பொன்னியின் பெரியப்பா மகள் காவேரியை அனுப்பினேன். நன்றாகப் படிக்கிற பெண். இருபதே நாளில் பெட்டியோடு மலையேறி வந்துவிட்டாள்.

ஏன் என்று நான் கேட்கவே இல்லை. அத்தனை கோபம் எனக்கு. அந்தத் தையிலேயே அவளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

இப்போது பொன்னியும் திரும்பி வந்துவிட்டால், அந்தப் பக்கத்தில் இனி எந்த வீட்டிலும் பெண்ணைக் கீழே படிக்க அனுப்பமாட்டார்கள். இது எனக்கும் தெரியும், ஆண்டிக்கும் தெரியும்.

திருப்பத்தூரில் மெட்ராஸ் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஏறினோம். வேலூர் வழியாகப் போகிற பஸ். "மெட்ராஸ் மூணு" என்று நானே டிக்கெட் கேட்டேன்.

ஆம்பூர் தாண்டியதும் பொன்னி மெதுவாக வாயைத் திறந்தாள்.

"டீச்சர்... நான் வேலூர்லயே எறங்கிக்கறேன்."

"இன்னாடி சொல்ற?"

நான் போட்ட சத்தத்தில் முன் சீட்டெல்லாம் திரும்பிப் பார்த்தது. அவள் பையிலிருந்து ஒரு போஸ்ட் கார்டை எடுத்தாள்.

விஷயம் இதுதான். இரண்டு காலேஜ் ஹாஸ்டலுக்கும் எனக்குத் தெரியாமல், பதில் எழுத இன்னொரு கார்டும் சேர்ந்தே வருகிற ரிப்ளை கார்டு போட்டிருக்கிறாள். கேள்வி ஒன்றே ஒன்று. மலையிலிருந்து வந்த பெண்கள் அங்கே இருக்கிறார்களா, கடைசிவரை படித்தார்களா?

மெட்ராஸிலிருந்து பதில் இல்லை. வேலூர் வார்டன் இரண்டு வரி எழுதியிருந்தார். இரண்டு பேர் வந்தார்கள், ஒருத்தி போய்விட்டாள், ஒருத்தி மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில்... 'நான் ஏலகிரி மலை. இன்டர்வியூ அன்றைக்குக் காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பேன். பயப்படாமல் வா. மல்லிகா.'

"அங்க லேபே ஒண்ணுதான்டி! இத்த ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னா கோச்சிக்குவீங்க டீச்சர். காவேரி அக்காகிட்ட இன்னும் நீங்க பேசலியே."

சுருக்கென்றது.

"கம்முனு இரு. டீச்சரம்மா சொல்ற எடத்துக்கே போலாம்" என்று மகளை அடக்கினார் ஆண்டி. கொஞ்ச தூரம் போனதும் அவரே, "அத்த இன்னொரு தபா படி" என்றார். படித்தாள். எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன், கார்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"காவேரி போன எடத்துல இந்த மாரி யாராச்சும் வந்து நின்னாங்களா டீச்சரம்மா?"



வேலூர். "பத்து நிமிஷம் நிக்கும்" என்றார் கண்டக்டர். பொன்னி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். முறுக்கு விற்கிறவர், மூட்டை தூக்குகிறவர், எவ்வளவோ கூட்டம். யாரையோ தேடுகிற மாதிரி ஒரு பெண்ணைக் காணோம். ஐந்து நிமிஷம் போனது. எட்டும் போனது.

"பாத்தியா? யாரும் வர்ல" என்றேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான்.

டிரைவர் ஏறி ஹாரன் அடித்தார்.

அப்போதுதான் கேட்டது... "பொன்னீ... பொன்னீ..."

தாவணி கட்டிய ஒரு பெண், ஒவ்வொரு பஸ் ஜன்னலாக எட்டிப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடிவருகிறாள். அவளுக்குப் பொன்னியின் முகம் தெரியாது. எந்த பஸ் என்றும் தெரியாது. காலையிலிருந்து இப்படித்தான் கத்தியிருக்கிறாள், குரலே கம்மிப்போயிருந்தது.

"இங்க! இங்க இருக்கறேன்!"

நகர ஆரம்பித்த பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நானேதான்.

பொன்னிக்கு வேலூரிலேயே சீட் கிடைத்தது. மூன்று வருஷமும் படித்து முடித்தாள். சேர்ந்த அடுத்த ஜூனிலேயே அதே பஸ் ஸ்டாண்டில் வேறொரு பெண்ணின் பேரைக் கத்திக்கொண்டு ஓடியது அவள்தான்.

இப்போது பிள்ளைகள் எனக்கு வாட்ஸ்அப்பில் ரேங்க் லிஸ்ட் அனுப்புகிறார்கள். கேம்பஸ் முழுக்க வீடியோவிலேயே சுற்றிப் பார்த்துவிடுகிறார்கள். என் கட்டம் போட்ட நோட்டு போன இடம் தெரியவில்லை, நல்லதுதான். "அங்க நம்ம பசங்க யார் இருக்காங்க? பேசினியா?" என்று மட்டும் கேட்பேன். 'ரிவ்யூ பாத்துட்டேன் மேம்' என்று பதில் வரும்.

போன மாதம் மலைக்குப் போயிருந்தேன். காவேரிக்குப் பேரனே இருக்கிறான். பலாச்சுளை எடுத்துத் தட்டில் வைத்தாள். எத்தனையோ வருஷம் கழித்து, அன்றைக்குத்தான் கேட்டேன். ஏன்டி திரும்பி வந்த?

கொட்டையை எடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"இருவது நாளு இருந்தேன் டீச்சர். ஒருத்தர்கூட என் பேரக் கேக்கல."