பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள்

சான் பிளாஸ் படிகளின் கடைசி வளைவில் பயணிகள் எல்லாரையும் கீழே அனுப்பிவிட்டு, வழிகாட்டி செனோபியா மட்டும் பின்தங்குவாள். ஆளில்லாத படிகளைப் பார்த்துத் தன் தொப்பியை ஆட்டி ஆட்டி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவாள். "மார்த்தா, வாம்மா. கிளாரா, வா தாயி, இங்க தங்கிடாத." கூஸ்கோவைச் சுற்றிப்பார்க்க வந்தவர்கள் இதையும் காட்சிகளில் ஒன்றாக எண்ணிப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊரில் இது விளையாட்டு இல்லை. பயந்தவனின் உயிரில் ஒரு பங்கு பயந்த இடத்திலேயே நின்றுவிடும். குழந்தை விழுந்தால், அதன் தொப்பியை ஆட்டிப் பெயர் சொல்லி அழைத்த பிறகே தாய் வீடு திரும்புவாள். செனோபியா விழாதவர்களையும் கூப்பிடுவாள். "கூட்டிட்டு வந்தவ முழுசாத் திருப்பித் தரணுமில்ல?"

வண்டி ஓட்டும் கொழுந்தன் ஃபௌஸ்தினோவுக்கு இதில் தீராத கேலி. "அண்ணி, உசுருக்கும் தனியா டிக்கெட் போட்டுடலாமா?"

"உனக்கு வேணாம்டா. உன்னோடது பொறந்த அன்னைக்கே ஓடிப்போச்சு."

போன வாரம் அந்த வளைவில் ஹென்ரிக் என்ற பயணி வழுக்கி விழுந்தான். சிரித்துக்கொண்டேதான் எழுந்தான். ஆலங்கட்டி மழை அடித்ததில் செனோபியா யாரையும் கூப்பிடாமல் ஓடி வந்துவிட்டாள். மறுநாளிலிருந்து அவன் விடுதியில் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறான். சாப்பாடில்லை, பேச்சில்லை. வைத்தியருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நாளைக் காலை அவனுடைய அக்கா அவனை ஊருக்கு விமானம் ஏற்றுகிறாள்.

செனோபியாவின் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. "உடம்புதான் போய்ச் சேரும். மிச்சம் இங்கயே நிக்கும்." வளைவில் ரொட்டி விற்கும் தெயோடோராவோ, பொழுது சாய்ந்தால் யாரோ ஈரச் செருப்போடு ஏறி இறங்கும் சத்தம் கேட்பதாகவும், எட்டிப் பார்த்தால் ஆளில்லை என்றும் சொன்னாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றான் ஃபௌஸ்தினோ.

அக்காவிடம் ஹென்ரிக்கின் கம்பளிக் குல்லாவைக் கேட்டு வாங்கி, இன்று அந்தியில் செனோபியா அந்த வளைவில் நின்று அதை ஆட்டித் தொண்டை கம்மும்வரை அழைத்தாள். "ஹென்ரிக், வாய்யா. உங்க அக்கா காத்திருக்கா. தப்பு என் மேல." படியில் படுத்திருந்த நாய் எழுந்து, வாலை ஒடுக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கியது. குல்லாவை நெஞ்சோடு அணைத்தபடி அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்து வண்டியில் ஏறினாள்.

இன்று மழையே இல்லை. ஆனாலும் படிகளில் ஈரச் செருப்புச் சத்தம் கேட்டு, கதவைச் சாத்தப் போன ஃபௌஸ்தினோவின் கை பாதியில் நின்றது. படிகளையே பார்த்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நகர்ந்து, இன்னொருவர் ஏறி உட்காரும் நேரம் பொறுத்திருந்து, கதவை மெல்லச் சாத்தினான்.