மணி முடிந்தால் மருந்து

குளிசையக்காவின் வலக்கையில் செபமாலை ஊர்ந்துகொண்டிருக்கிறது. இடக்கை விரல்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. உதடுகள் சத்தமில்லாமல் அசைகின்றன. முன்னால் பாயில், சட்டை கழற்றிய கைக்குழந்தை ஒன்று கிடக்கிறது. நான் முதன்முதலாக அவருடைய கொட்டிலுக்குப் போன அன்று கண்ட காட்சி இது. ஏதோ கடைசி மன்றாட்டு நடக்கிறதென்று எண்ணி, நாலு புத்தகம் படித்தவனுக்குரிய பெருந்தன்மையோடு வாசலில் கைகட்டித் தலைகுனிந்து நின்றேன். செபம் நின்றதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "சேர், வெளிச்சத்தை மறைக்கிறியள், அங்கால நில்லுங்கோ. அதென்ன, செத்தவீட்டுக்கு வந்த ஆள் மாதிரி நிக்கிறியள்? பிள்ளைக்கு நியுமோனியா. குளிசை குடுத்தாச் சரி."

அவர் முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். யுத்தத்தால் அந்தக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியை அண்டிய காட்டுக்குள் கொட்டில் போட்டிருந்த தொண்ணூறுகளின் காலம். கடலைவிட்டு வந்த சனத்துக்குக் காடு கொடுத்த முதற் பரிசு காய்ச்சல், இரண்டாவது இருமல். டொக்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். ஆகவே குடியிருப்புக்கு ஒருவரைத் தெரிவுசெய்து ஆரம்ப சுகாதாரத் தொண்டராகப் பயிற்றுவதென்று முடிவாயிற்று. அவர்கள் குடியிருப்பில் தெரிவானவர், மாத்திரையாகிய குளிசையைக் கொடுத்துக் கொடுத்தே குளிசையக்கா ஆனார். குளிர்தேசத்துப் பல்கலைக்கழகம் ஒன்றும் எங்கள் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் கைகோத்து நடத்திய பயிற்சி. கைகோத்த இரு தரப்பாராலும் வவுனியாவுக்கு இப்பால் வர முடியாது. ஆகவே கால் தேவைப்படும் வேலைகள் எல்லாம் என் தலையில் விழுந்தன. வெறும் ஆங்கில வாத்தியான எனக்கு 'இணைப்பாளர்' என்று பட்டம் தந்தார்கள். பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போவேன். அங்கே வரும் வெளிநாட்டுப் பேராசிரியையிடம் பாடங்களை வாங்குவேன். திரும்பி வந்து தமிழாக்குவேன். பயிலுநர்களின் பதிவேடுகளை ஆங்கிலத்தில் நிரப்பி மீண்டும் கொண்டுபோய்க் கொடுப்பேன். பேராசிரியை நல்ல மனுஷி. என் ஆங்கிலத்தை ஒருமுறை பாராட்டினார். அந்தப் பாராட்டு பின்னால் எவ்வளவு கேடு செய்யப்போகிறதென்று இருவருக்கும் அப்போது தெரியாது.

பாடங்களிற் பாதி ஒலிநாடாவில் வந்தன. பற்றரியோ இராணுவம் வன்னிக்குள் வரவிடாத பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் ரேப் ரெக்கோடரைத் தொடுத்து, பெடலை நான் கையால் சுற்றுவேன். பேராசிரியையின் குரல் முற்றிலும் என் தேகநிலையைப் பொறுத்தது. எனக்குக் கை சோர்ந்தால் அவர் ஆணாகிவிடுவார். வைராக்கியம் வந்து வேகமாகச் சுற்றினால் அணிலைப்போலக் கீச்சிடுவார். "சேர், அந்த அம்மாவுக்கு ஒரு வாய் சோறு குடுங்கோ, சோர்ந்து போனா" என்று பின்வரிசையிலிருந்து குளிசையக்காவின் குரல் வரும். வகுப்பு முழுவதும் சிரிக்கும். நான் மூச்சு வாங்கிக்கொண்டே மொழிபெயர்ப்பேன்.

அந்தப் பாடங்களில் தலையானது மூச்சு எண்ணும் பாடம். இருமலோடு வரும் கைக்குழந்தையின் நெஞ்சு ஒரு நிமிடத்தில் எத்தனை தரம் எழுந்து விழுகிறது? ஐம்பதைத் தொட்டால் நியுமோனியா, உடனே குளிசை. தொடாவிட்டால் வெறும் சளித் தடிமன், குளிசை வீண். நிமிடம் முடிந்ததும் கீச்சென்று சத்தமிடும் சின்னக் கருவி ஆளுக்கொன்று பல்கலைக்கழகம் அனுப்பியிருந்தது. கருவிக்குள் பற்றரி இருந்தது. எனவே கருவிகள் அத்தனையும் வவுனியாவில் ஒரு களஞ்சியத்தில் தங்கிவிட்டன. ஒவ்வொரு பயணத்திலும் போய்க் கேட்டேன். ஒவ்வொரு பயணத்திலும் இன்னுமொரு கடிதம் வேண்டுமென்றார்கள். கடிதம் கொண்டுபோனால், அந்தக் கடிதத்துக்கு ஒரு கடிதம் வேண்டுமென்றார்கள். ஒரு நிமிடம் என்பதை வன்னிக்குள் கொண்டுவர நான் ஒன்றரை வருடம் அலைந்தேன்.

குளிசையக்காவிடம் மணிக்கூடும் இல்லை. என் கையில் சாவி கொடுக்கும் மணிக்கூடு ஒன்று இருந்தது. அதைக் கழற்றி அவரிடம் கொடுக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது. வந்த வழியே போயும்விட்டது. அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. மாதா செபத்தைச் சிறுவயதிலிருந்து ஒரே வேகத்தில் சொல்லிவந்தவர் அவர். அவர் வாயில் ஐந்து செபம் ஒரு நிமிடம். செபமாலையின் வளையத்திலே பத்துப் பத்தாக ஐம்பது சின்ன மணிகள். பிள்ளையின் ஒரு மூச்சுக்கு ஒரு மணி தள்ளுவார். ஒரு செபத்துக்கு ஒரு விரல் மடிப்பார். ஐந்து விரலும் மடிவதற்குள் மணி முடிந்துவிட்டால் மருந்து. முடியாவிட்டால் தாய்க்கு இரண்டு ஏச்சும் கொத்தமல்லித் தண்ணீரும். நான் மூன்று நாள் என் மணிக்கூட்டை வைத்துச் சோதித்தேன். இரண்டு செக்கனுக்கு மேல் பிசகவில்லை. என் மணிக்கூடு அதைவிடப் பிசகும்.

பக்கத்துக் குடியிருப்பின் தொண்டர் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். நெற்றி நிறையத் திருநீறு. இந்த வித்தையைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்தது.

"அப்ப நான் தேவாரம் பாடி எண்ணலாமோ, தங்கச்சி?"

"வேண்டாம் அண்ணை. நீங்கள் இழுக்கிற இழுவைக்குப் பாட்டு முடிய முதல் பிள்ளை பள்ளிக்கூடம் போற வயசுக்கு வந்திடும்."

தபால்காரர் சிரித்துக்கொண்டே போனார். அதன்பிறகு அவர் பிள்ளையை ஒரு பார்வை பார்த்து மனத்தில் தோன்றிய எண்ணை எழுதிக்கொண்டார் என்பது என் ஊகம். எழுத்து மட்டும் முத்துமுத்தாக இருக்கும்.

பயிற்சியின் முடிவில் பதிவேடுகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவேண்டும். அவர்கள் திருத்திச் சான்றிதழ் தருவார்கள். சான்றிதழ் உள்ளவரிடம்தான் குளிசை டப்பா தொடர்ந்து இருக்கும். இல்லாதவர் பயிற்சிக்காகத் தந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த நிபந்தனை. குளிசையக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரே தடவைதான் கதைத்தார். "சேர், எனக்குச் சுவரில மாட்ட ஒண்டும் வேண்டாம், சுவரும் இல்லை. டப்பா என்னட்ட நிக்கவேணும். அதுக்கேத்த மாதிரி எழுதிவிடுங்கோ."

அதற்கேற்ற மாதிரி எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: மூச்சு எண்ணுவதற்கு வழங்கப்பட்ட கருவி பயன்படுத்தப்பட்டதா? ஆம் அல்லது இல்லை. 'இல்லை' எனில் விளக்கவும். விளக்குவதற்கு நாலு புள்ளிக்கோடுகள். தபால்காரருக்கு ஆங்கிலம் தெரியும். தன்னுடையதைத் தானே நிரப்பினார். காணாத கருவிக்கு 'ஆம்' என்று போட்டார். மற்றவர்களும் தங்களுக்கு அப்படியே போடச் சொன்னார்கள், போட்டேன். குளிசையக்காவின் பதிவேட்டுக்கு வந்தபோது என் பேனா நின்றுவிட்டது. உண்மை பேசவேண்டும் என்ற ஆவேசமென்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மற்ற எல்லாருக்கும் கூசாமல் பொய் எழுதிய கை அது. செபமாலையும் மூச்சும் ஐம்பது மணியும், இவ்வளவு நல்ல விஷயம் கையில் இருக்க, 'ஆம்' என்று ஒரு சொல்லோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 'இல்லை' என்று போட்டேன். நாலு கோடு போதவில்லை. இரண்டு தாள் தனியாக இணைத்தேன். கடலிழந்த சனம், காட்டின் இருள், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நகரும் குழந்தையின் உயிர் என்றெல்லாம் எழுதி, இரண்டு தரம் திருத்தி, வாசித்துப் பார்த்தேன்; எனக்கே கண் கலங்கியது. பேராசிரியை என்ன சொல்லுவார் என்று நினைத்துப் பார்த்துப் பூரித்தேன்.

பேராசிரியை நான் எதிர்பார்த்ததையே சொன்னார். சில மாதங்கள் கழித்து வவுனியாவில் என் கைக்குக் கிடைத்த கடிதத்தில், என் விளக்கத்தைத் தன் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியதாகவும் வகுப்பே நெகிழ்ந்து போனதாகவும் எழுதியிருந்தார். அந்தக் கையும் செபமாலையும் தெரியும்படி ஒரு படம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். படத்துக்குக் கமெரா வேண்டும். கமெராவுக்குப் பற்றரி வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, கடைசிப் பந்தியில், தரப்படுத்தப்பட்ட கருவியின்றிப் பெறப்பட்ட பதிவுகளைப் பரீட்சைச் சபை ஏற்பதற்கில்லை என்றும், அந்த ஒரு பயிலுநருக்கு மாத்திரம் சான்றிதழ் வழங்க முடியாதிருப்பதற்கு வருந்துவதாகவும் இருந்தது. தபால்காரர் முதல் தரத்தில் சித்தியடைந்திருந்தார்.

நான் மறுகடிதம் எழுதினேன். இம்முறை உவமை எதுவும் இல்லை. எவரிடமும் கருவி இல்லை, எல்லா 'ஆம்'களும் பொய், ஒன்றைத் தவிர அவை என் கையெழுத்து, இந்த 'இல்லை'தான் உண்மை என்று எழுதத் தொடங்கி, அப்படி எழுதினால் எல்லா டப்பாவும் போய்விடுமே என்று பயந்து, அரைகுறையாக எதையோ மழுப்பினேன். அதற்குப் பதில் வந்தபோது திட்ட காலம் முடிந்திருந்தது. என் கடிதத்தை உரிய பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அந்தப் பிரிவு எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டப்பாவைத் திருப்பி வாங்கும் வேலையும் இணைப்பாளருடையதே. குளிசையக்கா மிச்சக் குளிசைகளை எண்ணித் துணியில் முடிந்து வைத்திருந்தார். அதன்பிறகு ஒரு புது ஒழுங்கு தானாக உண்டாயிற்று. பிள்ளைக்கு இருமல் என்றால் தாய்மார் குளிசையக்காவிடம் வந்து மூச்சை எண்ணுவிப்பார்கள். மணி முடிந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று கட்டை தூரம் நடந்து தபால்காரரிடம் போவார்கள். தபால்காரரும் பாவம், தனக்கு எண்ணத் தெரியாதென்று அவருக்கே தெரியும். "குளிசையக்கா சொன்னவாவோ?" என்று கேட்டுவிட்டு மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார். ஆனால் அவருக்கு வயலும் இருந்தது. சில நாட்களில் வீடு பூட்டியிருக்கும். அப்படித் திரும்பி வந்த பிள்ளைகளில் ஒன்று அடுத்த நாளும் நடந்துபோய்க் குளிசை வாங்கித் தப்பியது. இன்னொன்று தப்பவில்லை.

அந்தச் செத்தவீட்டுக்கு நானும் போனேன். எல்லாம் முடிந்த பிறகு குளிசையக்கா என்னைக் கூப்பிட்டுத் தன் கொட்டிலில் இருத்தினார்.

"சேர், என்னைப் பற்றி நீங்கள் எழுதினது நல்லாயிருக்காம் எண்டு ஊரெல்லாம் கதை. எனக்கு ஒருக்காத் தமிழில சொல்லிக் காட்டுங்கோவன்."

பிரதி என் பையில்தான் இருந்தது. அது எப்போதும் என் பையில் இருக்கும். வரிவரியாகத் தமிழில் சொன்னேன். காட்டின் இருள் என்ற இடம் வந்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை; வேகமாகக் கடந்தேன். அவர் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"வடிவாத்தான் எழுதியிருக்கிறியள்" என்றார். பிறகு கேட்டார்: "இவ்வளவு எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு, அந்தக் கேள்விக்கு 'ஓம்' எண்டு ஒரு சொல் எழுத வரேல்லையே, சேர்?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இப்போது அந்த வீதியில் பெட்டிக்கடையிலும் பற்றரி தொங்குகிறது. எனக்குப் படிவங்கள் மீது ஒரு வெறி பிடித்துவிட்டது. எந்தக் கேள்விக்கும் 'ஆம்' என்று கோடிட்டுவிடுகிறேன். விளக்கவும் என்ற இடத்தை வெறுமையாக விடுகிறேன். சென்ற மாதம் ஆஸ்பத்திரியில், எல்லா மருந்தும் எனக்கு ஒவ்வாதென்று அப்படித்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். தாதி கூப்பிட்டுத் திட்டினாள். இத்தனை 'ஆம்' எழுதியும் இதுவரை ஒரு பிள்ளைக்கும் ஒரு குளிசைகூடக் கிடைத்ததில்லை.