விட்டுக்கொடுக்கிற தையல்

இராசமலர் முதலில் கையைத்தான் பிடிப்பார். முகத்தைப் பிறகுதான் பார்ப்பார். நிலாவெளி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் இடது கையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இறக்கினார்கள். திரும்பிப் பார்த்தால், அவர் என் மணிக்கூட்டுப் பட்டியைப் புரட்டி, பக்கிளுக்குப் பக்கத்துத் தையலைப் பெருவிரல் நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாப் பழுத்திருக்கு. ஆனால் சவர்க்காரம் போட்டிருக்கிறீங்கள், என்ன?" ஓம் என்றேன். "இனிப் போடாதேங்கோ. பச்சைத் தண்ணி காணும்." அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து, "அட, தங்கச்சியே!" என்று சிரித்தார்.

பஸ்ஸில் மட்டும் இல்லை. மீன் சந்தை, கோயில் வாசல், கலியாண வீட்டுப் பந்தி, எங்கே கண்டாலும் இதுதான். ஒருமுறை சந்தியில் வாகனங்களை மறித்துக்கொண்டு நின்ற பொலிஸ்காரரின் நீட்டிய கையையே பிடித்துவிட்டார். "சேர், ரெண்டாவது ஓட்டை இழுபட்டிருக்கு. கழட்டித் தாங்கோ, நாளைக்குத் தாறன்." அதட்டுவதா சிரிப்பதா என்று பொலிஸ்காரருக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற லொறிகள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின. கடைசியில் பட்டியைக் கழற்றிக் கொடுத்து, மணிக்கூட்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார் அந்த மனுசன்.

இராசமலருக்கு நாற்பத்தெட்டு வயது. திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் எந்நேரமும் ஏதாவது ஓர் ஓட்டோ கூரையில்லாமல் நிற்கும், அதுதான் அடையாளம். படகுக்கு மேற்கூரை, லொறிக்கு மூடுகிற படங்கு, ஹோட்டல்களின் சாய்வுக் கதிரைக்குத் துணி என்று, தடித்த துணி எதுவானாலும் அவரிடம்தான் வரும். சட்டைக்கு மேல் கணவர் ஆனந்தராசாவின் பழைய நீளக்கை சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, பெரிய கறுத்த மெசினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். வெட்டி விழுகிற துண்டுகளுக்கு, ஊருக்குள் திரிகிற மான்கள் வாசல் வரைக்கும் வந்து மூக்கை நீட்டும். "மெழுகு பூசினதைத் தின்னாதையடி, வயித்துக்குள்ள பந்தல் போட்டிடும்" என்று காலால் மெல்லத் தள்ளிவிடுவார்.

மணிக்கூட்டுப் பட்டி அவருடைய தொழிலே அல்ல. பல வருடங்களுக்கு முன்னால், படகுக் கூரை வாங்க வந்த ஒருவர், தன் கையிலிருந்த தோல் பட்டி உப்பிலும் வியர்வையிலும் அழுகி மணக்கிறதென்று முறைப்பட்டிருக்கிறார். றப்பர் பட்டி வெடிக்கிறதாம். இரும்புப் பட்டி கையைக் கடிக்கிறதாம். அவர் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன், கீழே கிடந்த பருத்திப் படங்குத் துண்டொன்றை இரண்டாய் மடித்து, தேன்மெழுகு தேய்த்து, வலை பின்னுகிற நைலோன் நூலால் ஒரு பட்டி தைத்துக் கொடுத்துவிட்டார் இராசமலர். அதைப் பார்த்து அடுத்த படகுக்காரர் கேட்டார். பிறகு துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிறவர்கள், மூதூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள், குச்சவெளிப் பக்கத்துப் படகு முதலாளிகளான சம்மாட்டிமார் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கடற்கரையோரத்துக் கைகளில் பாதி அவருடையதாகிவிட்டது.

புதுப் பட்டியை அவர் புதிது என்று சொல்வதில்லை, பச்சை என்பார். கடும்பச்சை நிறத்தில், மட்டை மாதிரி விறைத்து, கையில் நிற்காமல் வட்டமாகத் துள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு மாதம் போனால் கையின் வளைவு அதற்குப் பிடிபட்டுவிடும். மடிகிற இடங்களில் மெழுகு விலகி வெளிறிய கோடுகள் விழும். விரலால் அழுத்தித் தேய்த்தால் அந்தச் சூட்டில் கோடு மறையும், மறுநாள் வேறிடத்தில் விழும். இரண்டு மாரி கண்ட பட்டி தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு வரும். விளிம்பு கறுத்து வழுவழுப்பாகும். வழக்கமாகப் போடுகிற ஓட்டை நீள்வட்டமாகும். மெழுகின் மணம் போய், கட்டுகிறவரின் மணம் வரும். அதைத்தான் அவர் பழுத்தது என்பார். "கடையில வாங்கிற சாமான் கட்டக் கட்டப் பழசாகும். என்ர பட்டி கட்டக் கட்ட உங்கட சாமானாகும்." இப்படிச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்துவதில்லை. தன் வேலை நல்ல வேலை என்று தெரிந்தவர். தெரியாத மாதிரி நடிக்க அவருக்கு ஏலாது.

வேடிக்கை என்னவென்றால், ஆனந்தராசா மணிக்கூடே கட்டுவதில்லை. "வீட்டில ஒரு ஆள் நேரம் பார்த்தால் காணும்" என்பார் அவர்.

இன்று இராசமலர் தெருவில் கண்டவர்களின் கையைப் பிடித்துப் பார்ப்பதற்குக் காரணம் ஒரு விபத்து.

முனாஸ் மூதூர்க்காரர். கொட்பே மீன்பிடித் துறையிலிருந்து போய்ப் பலநாள் கடலில் நிற்கிற படகொன்றில் வேலை. இராசமலரின் பட்டியை ஐந்து வருடமாகக் கட்டியிருந்தார். மூன்று வருடத்துக்கு முந்திய வைகாசியில், ஒரு காலை நேரம், இடது கையில் முழங்கை வரைக்கும் வெள்ளைக் கட்டோடு கடைக்குள் வந்தார். மணிக்கூடு வலது கையில் இருந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, கை உடைஞ்சிட்டு. ஒங்கட பட்டிக்கு ஒண்டும் ஆகல்ல, பாருங்க!"

கடையில் நின்றவர்கள் கூடிவிட்டார்கள். முனாஸ் கதையைச் சொன்னார். வலை இழுக்கிற வின்ச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பிரிந்து நின்ற கயிற்றுச் சிம்பு ஒன்று அவருடைய மணிக்கூட்டுக்கும் பட்டிக்கும் நடுவில் கொளுவிவிட்டது. கயிறு போன வழிக்குக் கையும் போயிருக்கிறது. அவர் கத்திய கத்தலில் கூட நின்ற சஜீத் பாய்ந்து வின்ச்சை நிறுத்தினாராம். நிற்கும்போது உருளைக்கும் விரலுக்கும் ஒரு சாண்தான். எலும்பு வெடித்து, தோல் கிழிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருக்கிறார். "பட்டி மட்டும் அப்பிடியே இரிக்கு அக்கா! சஜீத்தும் ஒண்டு வேணுமாம்."

எல்லோரும் இராசமலரைப் புகழ்ந்தார்கள். அவர் மெசினை நிறுத்தினார்.

"கழட்டித் தாங்கோ, பாப்பம்."

கடையில் மாட்டி வைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து முனாஸ் மகிழ்ச்சியோடு கொடுத்தார். இராசமலர் மணிக்கூட்டை உருவி அவர் கையில் வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். முதல் தரம் அலகு வழுக்கியது. இரண்டு கையாலும் அழுத்தி வெட்டினார்.

"என்ன செய்றீங்க அக்கா! அஞ்சு வரிசமாக் கட்டினது!"

"இது உங்களைக் காப்பாத்தேல்லை, முனாஸ். உங்களைப் பிடிச்சுக் குடுத்தது."

அதன் பிறகு யாரும் புகழவில்லை. இராசமலர் துண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு, அன்றைக்கு வேறு வேலை செய்யாமல் கடையைப் பூட்டினார். பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: "தைக்கேக்கை நான் ஒண்டைத்தான் பாத்தனான், தங்கச்சி. மணிக்கூடு விழக் கூடாது. அது கட்டியிருக்கிறது ஒரு கையில எண்டதை யோசிக்கேல்லை. விட வேண்டிய நேரத்தில விடத் தெரியாத சாமானையெல்லே தைச்சுக் குடுத்திருக்கிறன்."

அடுத்த கிழமை முழுக்க அவர் துறைமுகத்துக்கும் கொட்பேக்கும் ஆனந்தராசாவின் ஓட்டோவில் அலைந்தார். கயிற்று வேலை செய்கிறவர்களிடம் பட்டியைத் திருப்பிக் கேட்டார். பழுத்த பட்டியை யார் கொடுப்பார்கள்? ஒருவர் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாராம். இராசமலர் முனாஸின் உடைந்த கையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வாங்கினார். அலுவலகங்களில் இருந்த என்னைப் போன்றவர்களை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். "நீங்கள் பேனையைத்தானே இழுக்கிறீங்கள்."

வாங்கியதாவது பரவாயில்லை, மாற்றித் தைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவர் நினைத்தது எளிமையானது: பட்டியில் ஓரிடத்தில் மட்டும் பலமில்லாத தையல் வேண்டும். சும்மா கட்டியிருக்கும்போது பிடித்திருக்க வேண்டும், திடீரென்று வெட்டி இழுத்தால் விட்டுவிட வேண்டும். பக்கிளுக்குப் பக்கத்தில் பட்டியைத் துண்டித்து, சாதாரணப் பருத்தி நூலால் பொருத்தினார். முதலில் தைத்தவை மிகவும் இலேசாகப் போய்விட்டன. ஒருவரின் மணிக்கூடு ஐஸ் பெட்டிக்குள் விழுந்து மீனோடு மீனாகச் சந்தைக்குப் போய்விட்டது. இன்னொருவருடையது கப்பலேணியில் ஏறும்போது விழுந்து நொறுங்கியது. 'இராசமலரின்ர பட்டி இப்ப அறுகுதாம்' என்ற கதை துறைமுகம் முழுக்கப் பரவியது. பட்டிகளை வாங்கி விற்ற ஹோட்டல் கடையொன்று இனி வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது.

"பழையபடி தையுமன். பேர் கெட்டுப்போகுது" என்றார் ஆனந்தராசா.

"பேர் கெட்டால் திருப்பி எடுக்கலாம். கை கெட்டால் எங்க எடுக்கிறது?"

அத்தோடு, சோதனைக்கு இழுக்கிற ஆள் ஆனந்தராசாதான் என்று முடிவாகிவிட்டது. இராசமலர் பட்டியைக் கடல் தண்ணீரில் ஊறவைத்துத் தன் கையிலேயே கட்டிக்கொண்டு, அதில் கயிற்றை முடிந்து கணவரிடம் கொடுத்தார். "இழுங்கோ. சும்மா தடவாதேங்கோ, இழுங்கோ!" எதிரில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஸுல்பிகா, மனுசன் பெண்சாதியைக் கயிறு கட்டி இழுக்கிறார் என்று நினைத்து அகப்பையோடு ஓடிவந்து ஆனந்தராசாவை ஏசியது இன்னும் அந்த ஒழுங்கையில் சொல்லிச் சிரிக்கிற கதை. இராசமலரின் மணிக்கட்டு நீலம் பாரித்துப் போயிருந்தது. நூலின் தடிப்பை மாற்றினார்; தையலின் நெருக்கத்தை மாற்றினார். மெழுகு பட்டால் நூல் இறுகிவிடுகிறது என்று கண்டு, அந்த இடத்துக்கு மட்டும் மெழுகு படாமல் காத்தார். ஒருநாள் ஆனந்தராசா வெட்டி இழுத்தபோது தையல் 'டிக்' என்று விட்டது; கயிற்றோடு பின்னால் போய் ஓட்டோவில் முட்டிக் கீழே குந்திவிட்டார் அவர். இராசமலரின் கையில் ஒரு சிவப்புக் கோடு மட்டும்தான்.

மெழுகில்லாத நூல் உப்பில் நைந்துபோகும். அதனால் மாரி தொடங்குமுன் ஒவ்வொருவரும் வந்து அந்தத் தையலைப் புதுப்பிக்க வேண்டும். பட்டி பத்து வருடம் பழுக்கலாம்; அந்த ஒரு விரற்கடைத் தையல் மட்டும் வருடா வருடம் பச்சையாக இருக்க வேண்டும். ஆட்கள் தாமாக வருவார்களா? மாட்டார்கள். ஆகவேதான் அவர் கண்ட இடத்தில் கையைப் பிடிக்கிறார். பழக்கத்தில், மேசை வேலை செய்கிற எங்கள் கைகளையும் விடுவதில்லை.

போன ஆவணியில் நான் கடையில் இருந்தபோது முனாஸ் வந்தார். உடைந்த கை எப்போதோ பொருந்தி, திரும்பவும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். வந்தவர் கதிரையில் இருக்காமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"பெய்த்து அக்கா."

"என்ன போனது?"

"மணிக்கூடு. மச்சான் டுபாயில இருந்து கொண்டந்தது. பட்டியோட சேத்துக் கடலுக்குள்ள பெய்த்து." குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. "ஒங்கட தையல் விட்டுட்டு."

இராசமலர் எழுந்தார். "என்னெண்டு விட்டது? வடிவாச் சொல்லுங்கோ."

"நங்கூரக் கயிறு. அது ஓடக்குள்ள ஒரு சுருக்கு வந்து கையில விழுந்தது. மணிக்கூட்டில கொளுவி ஒரு இழுவை. நான் பெய்த்தன் எண்டுதான் நினைச்ச. பாத்தா கயிறு போகுது, மணிக்கூடு போகுது, நான் நிக்கிறன்."

சொல்லிக்கொண்டு வந்தவர் அந்தக் கடைசிச் சொல்லில் தானே நின்றுவிட்டார். அவருடைய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இராசமலர் அவருடைய இடது கையை வாங்கி, உள்ளங்கையை மேலே திருப்பினார். வெயில் படாமல் வெளிறிக் கிடந்த பட்டித் தடத்தின் ஓரத்தில் கயிறு உரஞ்சிய சிறு சிராய்ப்பு ஒன்று இருந்தது, வேறொன்றும் இல்லை. சின்ன விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்கினார். நிமிர்த்தினார். பெருவிரலைச் சுழற்றிப் பார்த்தார். முனாஸ் டொக்டருக்கு முன்னால் நிற்பவர் போல அசையாமல் நின்றார்.

"நோகுதோ?"

"இல்ல அக்கா."

"இஞ்ச வாங்கோ."

கையை விடாமலே அவரை ஒழுங்கைக்கு இழுத்துக்கொண்டு போனார். வெயில் சுள்ளென்று அடித்தது. ஓட்டோவுக்குள் படுத்திருந்த ஆனந்தராசா எழும்பிப் பார்த்தார். "ஸுல்பிகா! ஒருக்கால் வெளியில வாங்கோ! எல்லாரும் வாங்கோ!" என்று கூப்பிட்டார் இராசமலர். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கோப்பையும் கையுமாக வெளியே வந்தார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மணிக்கூடும் பட்டியும் இல்லாத அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து, குதிக்காலில் எழும்பி, தன்னால் எவ்வளவு உயரத்துக்குத் தூக்க முடியுமோ அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.